மழைக்காலச் சேற்றுப்புண்ணுக்கு நானோ ஜெல்லைப் பயன்படுத்தும் முறை

நீலகிரியில், ஆடி மழையில் தேவாலா, பந்தலூர் பக்கமும், ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் நாள் முழுதும் ரப்பர் பூட்ஸுக்குள் கால் ஈரமாகவே இருக்கக் கொழுந்து பறிப்பவர்களுக்கு, விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி அரிப்பெடுப்பது வழக்கம். இந்தச் சேற்றுப்புண்ணுக்கு, லிப்போசோம், நானோ என்று அச்சிட்ட பூஞ்சை எதிர்ப்பு ஜெல்களும் இப்போது மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன.

வாங்குவதற்கு முன் அந்தப் புண் பூஞ்சையால் வந்ததுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். புண்ணின் ஓரத்தில் சுரண்டியெடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும், எளிய சோதனைதான். அதைச் செய்யாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசினால், அரிப்பு சட்டென்று அடங்கும், பூஞ்சையோ பரவிக்கொண்டே போகும்.

லிப்போசோம் என்பது மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழ். நோயைத் தீர்ப்பது அது சுமக்கும் மருந்தே. ஆகையால் 'நானோ' என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் பூஞ்சை மருந்து டெர்பினாஃபினா, லூலிகொனசோலா, ஆம்ஃபோடெரிசின் பி-யா என்று சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவியிருப்பதால், எதைப் பூசுவது என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும்.

பூசும்போது காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலையும் விரித்துப் பிடித்து, பருத்தித் துணியால் இடுக்கின் அடிவரை ஒற்றி எடுங்கள். தோல் நன்றாக உலர்ந்த பிறகு, புண்ணைத் தாண்டி ஏறத்தாழ 2 செ.மீ. வரை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தடிமனாக அப்பினால் இடுக்கில் ஈரம்தான் தங்கும். அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். பூட்ஸுக்குள் இரவில் பழைய செய்தித்தாளைத் திணித்து உலர்த்தவும், காலுறையைத் தினமும் மாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ஜெல்லும் வீண்செலவே.

சேமிப்பில் நம் மலைக்கென்று ஒரு கவனம் தேவை. உறைந்தால் லிப்போசோம் குமிழ்கள் சிதைந்துவிடும். எனவே குளிர்பெட்டியின் உறைபகுதியில் மட்டுமன்றி, மார்கழி, தை மாத உறைபனி இரவில் ஊட்டியில் சன்னலோரத்திலும், வண்டிப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. விறகடுப்பின் பக்கமும் ஆகாது.

இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரிக்கும் செய்முறைகள் இணையத்தில் உலவுகின்றன. ஆய்வகத் தட்டில் பூஞ்சையைத் தடுத்தது என்பதற்காக, அளவும் தூய்மையும் தெரியாத அக்கரைசலைப் புண்ணில் இடக் கூடாது. குடிப்பது அதைவிட ஆபத்து, வெள்ளி உடலில் படிந்து தோல் நிரந்தரமாகச் சாம்பல்நீலமாகிவிடும்.

பாதம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஜெல்லை நம்பிக் காத்திராமல் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறு வெடிப்பைக் கண்டாலே போய்க் காட்டிவிடுவது நல்லது.