‘எக்ஸ் பார்ட்டி’ என்று பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது

இந்தியாவில் சிவில் வழக்கில் ‘எக்ஸ் பார்ட்டி’ (ஒரு தரப்பு வராமலே நடப்பது) என்று பார்த்ததும் அப்பீலுக்கு ஓடாதீர்கள். டிக்ரி (தீர்ப்பாணை) ஆகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ‘செட் எக்ஸ் பார்ட்டி’ என்று மட்டும் இருந்தால், பிரதிவாதி ஆஜராகவில்லை என்று பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 7-இல் வராததற்குத் தக்க காரணம் காட்டி, அந்தப் பதிவை நீக்க மனுப் போடலாம்.

டிக்ரியே ஆகிவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்க அதே கட்டளையின் விதி 13. கெடு 30 நாள். டிக்ரி தேதியிலிருந்து, நகல் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்மன் (நீதிமன்ற அழைப்பாணை) முறைப்படி சேர்ப்பிக்கப்படாதிருந்தால் மட்டும், டிக்ரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். தாமதமானால் அதை மன்னிக்கக் கோரும் காலவரையறைச் சட்டம் பிரிவு 5 மனுவும் சேர வேண்டும்.

எக்ஸ் பார்ட்டி இடைக்காலத் தடைக்கு இது பொருந்தாது. அதை நீக்கக் கேட்பதற்குக் கட்டளை 39, விதி 4.