போர்முனையில் பாட்டெழுதும் சிப்பாய் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படையில் இருந்துகொண்டே நாட்டுப்பற்றுப் பாடல் எழுதும் இசைக்கலைஞர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பாடலைத் தம் தொண்டைக்கு அளவெடுத்துத் தைப்பதிலிருந்தே தொடங்குகின்றன. அதைப் பாடப்போகிறவர்கள், முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியுமாக, சுருதி என்றால் என்னவென்று அறியாமல், நடந்துகொண்டே வாய் திறக்கும் நூறு பேர்.

எனவே முதலில் கவனிக்க வேண்டியது மூச்சு. நிமிடத்துக்கு 120 எட்டு (காலடி) வைக்கும் நடையில், எட்டு எட்டுகளுக்குக் கிடைப்பது நான்கே நொடி. பாட்டின் ஓரடி அதற்குள் முடிந்து, மூச்சு வாங்கவும் இடம் விட வேண்டும். (பாட்டின் அளவுக்கும் காலின் அளவுக்கும் தமிழில் 'அடி' என்ற ஒரே சொல் இருப்பது தற்செயலன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.) 'வாடா தோழா நாடே வீடாம்' என்று பாடிக்கொண்டே நடந்து பாருங்கள்: எட்டு நெடில்களும் எட்டு எட்டுகளில் விழுகின்றன, இடது கால் ஊன்றும்போதெல்லாம் ஒரு சொல் பிறக்கிறது. 'விடுதலையினது பெருமையினை' என்று தொடங்கினாலோ, குறில்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓட, கால் எங்கே விழுவதென்று தடுமாறும். பொருளில் குறையில்லாத இத்தகைய அடிகளை மேசையில் அமர்ந்து எழுதுகிறவர் கடைசிவரை கண்டுபிடிப்பதில்லை. மெட்டும் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ஷட்ஜமாகிய 'ச' முதல் மேல் 'ச' வரைக்குள், அடங்கட்டும். மேல் ஷட்ஜத்தைத் தாண்டினால் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள்.

அடுத்த தவறு, அன்றைய பகைவரின் பெயரைப் பாட்டில் பொறிப்பது. பிரெஞ்சுப் படையின் பொறியியல் பிரிவில் கேப்டனாக இருந்த ரூஜே த லீல், 1792 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓரிரவில் எழுதிய பாடல் பின்னர் அந்நாட்டின் தேசிய கீதமாயிற்று. அதில் மன்னர் பக்கம் நின்ற பூயே என்ற தளபதியின் பெயர் வரும் அடியும் உண்டு. இன்று அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. தாய்மண்ணின் மக்களை அழைக்கும் தொடக்க அடிக்கோ எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

படைப்பிரிவின் பெயர், முகாமிட்ட ஊர், புறப்படும் நாள் ஆகியவற்றைப் பாட்டில் வைப்பது வெறும் அசட்டுத்தனம். கடிதத்தில் தணிக்கை செய்யப்படும் செய்தியைப் பாட்டு ஊரறியக் கூவிவிடும்.

எல்லாவற்றையும் வீறாப்பாகவே எழுதுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். 1918இல் அமெரிக்காவின் அப்டன் முகாமில் சிப்பாயாக இருந்த இர்விங் பெர்லின், வீரர்களே நடிக்கும் நகைச்சுவை மேடை நிகழ்ச்சிக்காகப் பாடல்கள் எழுதினார். அதிகாலையில் எழுப்பிவிடும் எக்காளக்காரனைத் திட்டும் பாட்டைப் படைவீரர்கள் விரும்பிப் பாடினார்கள். நாட்டை ஆசீர்வதிக்கும்படி இறைவனை வேண்டும் பாட்டு அந்த நிகழ்ச்சிக்குக் கனமாக இருக்கிறதென்று அவரே ஒதுக்கி வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1938இல், அதைத் திருத்தி வெளியிட்டபோது நாடே பாடியது. பாட்டில் குற்றமில்லை, வைக்க நினைத்த இடந்தான் பொருந்தவில்லை.

சொல், மெட்டு இரண்டும் தம்முடையதாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். தாகூரின் 'ஜன கண மன' பாடலைத் தழுவி ஆபித் ஹசன் உள்ளிட்டோர் இந்துஸ்தானியில் சொற்களை அமைக்க, இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் ராம் சிங் இசைப் பொறுப்பை ஏற்றார். பாடுகிறவர்கள் ஒரு சொல்லை மாற்றிப் பாடத் தொடங்கினால், அதட்டித் திருத்தாமல், அவர்கள் பாடுவதைக் குறித்துக்கொள்வதே நல்லது. மூச்சு முட்டிய இடத்தில்தான் பெரும்பாலும் அவர்கள் கை வைத்திருப்பார்கள்.