ஊர் எல்லையில் நிற்காத கழிவுநீர்: பாதாள சாக்கடைத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதாள சாக்கடைத் திட்ட அறிக்கை தயாரிக்கும் இளம் பொறியாளர்களின் வேலையைப் பார்த்துத் திருத்துவது இப்போது என் பொறுப்புகளில் ஒன்று. கணினியில் மாடல் ஓட்டுவதில் எங்கள் தலைமுறையைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் நகரமும் பக்கத்து ஊராட்சிகளும் சந்திக்கும் இடத்துக்கு வந்ததும், அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் சறுக்கிய அதே இடத்தில் இவர்களும் சறுக்குகிறார்கள். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடாது, மண் பரிசோதனை இல்லாமல் மதிப்பீடு போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லைக்கல்லோடு கணக்கை முடிப்பது

அறிக்கையின் முதல் வரைபடத்தைத் திறந்தால் நகராட்சி எல்லை கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே வெறும் வெள்ளை. அங்கே மேடா பள்ளமா, ஏரி எங்கே, புதிதாக மனை போட்டிருக்கிறார்களா, எதுவும் இருக்காது. காரணம் புரிகிறது. நிதி நகராட்சிக்கு வருகிறது. எல்லைக்கு வெளியே பத்து மீட்டர் குழாய் காட்டினாலும் தணிக்கையில் கேள்வி வரும். ஆனால் கழிவுநீர் வாட்டத்தைப் பார்த்து ஓடும், வார்டு எல்லையைப் பார்த்து ஓடாது.

ஒரு நகராட்சியில் பிரதானக் குழாயை 200 மி.மீ. அளவில் மேற்கு எல்லை வரை கொண்டுபோய், கடைசி ஆள்நுழைவுக் குழியோடு நிறுத்தினார்கள். அதற்கு மேலே மேட்டில் ஓர் ஊராட்சி. அறிக்கை எழுதும்போதே அங்கே பைபாஸ் ஓரமாகக் கல் நட்டு, கொடி கட்டி மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் இதைக் கேட்டேன். "அது நம்ம ஏரியா இல்லை சார்" என்று பதில் வந்தது. சில வருடங்களில் மனைகள் வீடுகளாயின, அடுக்குமாடிகளும் வந்தன. செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்த நீர் சாலையோர வாய்க்காலில் இறங்கி, நேராக அந்த நகராட்சியின் ஏரிக்கே வந்து சேர்ந்தது. அப்புறம்தான் ஊராட்சிக்கும் இணைப்புக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். போட்ட சாலையைத் திரும்பத் தோண்ட வேண்டியதாயிற்று. இதற்குள் பக்கத்தில் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் வந்துவிட்டன. கடைக்காரர்கள் மாதக்கணக்கில் வாசலில் பள்ளத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் தெரியாமல் நடந்ததல்ல. கண்ணெதிரே கொடி பறந்துகொண்டிருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர். 5,000 பேர் உள்ள ஊராட்சியில் நாளுக்கு 5.4 லட்சம் லிட்டர். உச்ச நேரத்துக்கு மூன்று மடங்கு என்று எடுத்தால் நொடிக்கு சுமார் 19 லிட்டர். 250-க்கு 1 வாட்டத்தில் (250 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் சரிவு) 200 மி.மீ. குழாய் இதைத் தட்டுத்தடுமாறிச் சமாளிக்கும். அதே ஊர் 40,000 பேராக வளர்ந்தால், உச்ச மடங்கை 2.5 ஆகக் குறைத்தாலும் நொடிக்கு 125 லிட்டர். இதற்குக் கிட்டத்தட்ட 450 மி.மீ. குழாய் வேண்டும். தோண்டும் செலவு, பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கும் செலவு, ஊற்றுநீரை இறைக்கும் செலவு, சாலையைச் சரிசெய்யும் செலவு ஆகியவை 200 மி.மீ. குழாய்க்கும் உண்டு. குழாயைப் பெரிதாக்குவதால் கூடுவதைவிட, இரண்டாவது முறை தோண்டுவதால் ஆகும் செலவு மிக அதிகம்.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் பெரிய குழாயாகப் போட்டுவிடலாமா? கூடாது. இது அடுத்த சறுக்கல். குழாய்க்குள் நீர் உச்ச நேரத்திலாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கசடு படிந்துவிடும். 125 லிட்டருக்கென்று வாட்டத்தைக் குறைத்துப் போட்ட பெரிய குழாயில் 19 லிட்டர் மட்டும் ஓடினால் அடியில் சேறு சேரும், ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், கான்கிரீட் குழாயின் மேற்புறத்தை அமிலம் அரிக்கும். அடைப்பு எடுக்கப் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. குழாயின் அளவைத் தவறாக முடிவு செய்யும்போது அந்த அடைப்பை வரைபடத்திலேயே நாம் உண்டாக்கிவிடுகிறோம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊராட்சி எப்போது எவ்வளவு வளரும் என்பது. இதற்கான விடை எந்த மென்பொருளிலும் இல்லை. அது ஊராட்சி மன்றத்திலும், நகர் ஊரமைப்புத் துறை அனுமதித்த மனைப்பிரிவுகளின் பட்டியலிலும், 2017 முதல் வரன்முறைக்கு வந்த அனுமதியற்ற மனைகளின் பதிவேடுகளிலும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1973-இல் வந்த சட்டத்தின் வழியாக, நகரமும் அது இருக்கும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது) கூடிப் பேசி நகர வளர்ச்சிக்கு எல்லை வகுக்கின்றன. அடுத்த இருபது ஆண்டுத் தேவைக்கான நிலம் அந்த எல்லைக்குள் இருக்கும். இதனால் குழாய் போடுகிறவருக்கு வீடு எந்தப் பக்கம் வரும் என்பது முன்பே தெரிகிறது. நம் அரசியல் சாசனத்திலும் இதற்கு இடம் உண்டு. 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243 இசட்-டி பிரிவின்படி, ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் மாவட்டத் திட்டக் குழு ஒன்றாகத் தொகுக்க வேண்டும். தண்ணீரைப் பகிர்வதும் உள்கட்டமைப்பைச் சேர்ந்து வளர்ப்பதும் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. திட்ட அறிக்கையை அந்தக் குழுவின் முன் கொண்டுபோகச் சொன்னால் இளைஞர்கள் என்னை வியப்பாகப் பார்க்கிறார்கள்.

வளர்ச்சி உறுதியாகத் தெரியாத பக்கத்தில், இரண்டாவது குழாய்க்குச் சாலையில் இடம் ஒதுக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பம்புகளைப் பதினைந்து ஆண்டுக் கணக்கில் பிரித்து வாங்கலாம். நீரேற்று நிலையத்தின் கிணற்றையும் நிலத்தையும் மட்டும் முப்பது ஆண்டுக்கு யோசித்து எடுங்கள்.

இதையே தலைகீழாகவும் பார்த்திருக்கிறேன். பகுதியின் மிகத் தாழ்வான இடம் ஊராட்சிக்குள் இருக்கும். எல்லையைத் தாண்டக் கூடாது என்று, இயற்கையாக அங்கே போக வேண்டிய நீரை மேட்டுப் பக்கம் திருப்புவார்கள். சமதரையில் 250-க்கு 1 வாட்டம் வைத்தாலே ஒரு கிலோமீட்டரில் 4 மீட்டர் ஆழம் இறங்கிவிடும், மேட்டை நோக்கிப் போனால் இன்னும் மோசம். அங்கே ஒரு நீரேற்று நிலையம், அதற்கு ஆயுள் முழுக்க மின்கட்டணம்.

வாய்மொழி ஒப்புதல்

ஊராட்சித் தலைவர் தலையாட்டினால் போதாது. ஊராட்சி மன்றத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் வேண்டும்.

"எப்படியும் நகரத்தோடு இணைத்துவிடுவார்கள்" என்று காத்திருப்பது

2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பத்தாண்டு கழித்தும் சேர்க்கப்பட்ட பல பகுதிகளில் பாதாள சாக்கடை வேலை முடியவில்லை. இணைப்பு ஆணையால் எல்லை மாறும், குழாய் தானாக வராது. இன்னொன்று, பல ஊராட்சிகள் இணைப்பையே எதிர்க்கின்றன. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. கழிவுநீருக்கு மட்டும் ஓர் உடன்படிக்கை போட ஊராட்சி தன் அடையாளத்தை இழக்க வேண்டியதில்லை. எந்தக் குழியில் எவ்வளவு நீர் விடலாம், முதலீட்டில் யார் பங்கு எவ்வளவு, அடைப்பு வந்தால் யார் வண்டி அனுப்புவது என்று எழுதிக்கொண்டால் போதும். ஹொகேனக்கல் திட்டத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களும் கிராமங்களும் ஒரே திட்டத்தில் குடிநீரைப் பகிர்ந்துகொள்கின்றன. வரும் நீரைப் பகிரத் தெரிந்தவர்களுக்குப் போகும் நீரைப் பகிரவும் முடியும்.

நிலையம் ஊராட்சியில், இணைப்பு நகரத்துக்கு மட்டும்

நிலம் மலிவு என்று சுத்திகரிப்பு நிலையத்தை ஊராட்சியில் வைப்பார்கள். நகரத்தின் கழிவு வரும், நாற்றம் வரும், ஆனால் நிலையத்தின் சுவரை ஒட்டிய தெருவுக்குக்கூட இணைப்பு இருக்காது. அங்குள்ள மக்கள் மறியல் செய்தால் "எதிர்ப்பு" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுகிறார்கள். அது எதிர்ப்பல்ல, நியாயமான கேள்வி. நிலம் தரும் ஊருக்கு முதல் இணைப்பைக் கொடுங்கள். சுத்திகரித்த நீரிலும் பங்கு பேசுங்கள். அந்த நீருக்கு இன்று மதிப்பு இருக்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டரை மூன்றாம் நிலை வரை (வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு இன்னொரு கட்டம்) சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

குடிநீரை வேறு ஃபைலில் வைப்பது

நாள் விட்டு நாள் குடிநீர் வரும் ஊரில் 135 லிட்டர் என்று எழுதி வடிவமைத்தால் கழிவுநீர்க் குழாய் காயும். உண்மையில் வருவதை அளந்து எழுதுங்கள்.

கழிவுநீர் லாரியை மறப்பது

குழாய் வரும்வரை ஊராட்சிகளின் செப்டிக் டேங்குகளை லாரிகள்தான் காலி செய்யும். அவை எங்கே கொட்டும் என்று உங்கள் அறிக்கை சொல்லாவிட்டால், ராத்திரியில் ஓடையில் கொட்டும். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள கசடு சுத்திகரிப்பு நிலையம் பக்கத்துப் பேரூராட்சிகளுக்கும் சேர்த்து அமைக்கப்பட்டது. உங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலும் லாரி வந்து இறக்க ஒரு தொட்டி, திரும்பிப் போகும் அளவுக்கு அகலமான பாதை, ஊராட்சி லாரிகளுக்கும் ஒரே கட்டணம் ஆகியவற்றை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று ஒதுக்கினால் அந்தப் பாதைக்கான இடத்தில் வேறு கட்டடம் வந்திருக்கும்.