ஓஹாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓஹாய் ஹவாய்த் தீவுகளுக்கே உரிய குறுஞ்செடி. தாவரவியலில் செஸ்பேனியா டொமென்டோசா. நம் அகத்திக்கும் சித்தகத்திக்கும் பங்காளி. 1994 முதல் அமெரிக்க அரசின் அழிநிலைப் பட்டியலில் இருக்கிறது.

ஹவாயில் இதை வளர்க்கும்போது, அகத்தி வளர்த்த கை முதலில் தவறுவது தண்ணீரில்தான். வெற்றிலைக் கொடிக்காலின் வாய்க்கால் ஈரத்திலும் அகத்தி நிற்கும். ஓஹாயோ கடலோர மணல்மேட்டிலும் எரிமலைப் பாறையிலும் வெயில் குடித்து வளர்வது. இலையில் வெள்ளிப்பூச்சுப் போலத் தெரியும் ரோமம் அதற்காகத்தான். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட்டோ (தண்ணீர் தேங்காமல் வடியவிடும் வெள்ளைத் துகள்) பொடித்த எரிமலைக் கல்லோ இருக்கட்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு மெலியும்.

விதையை அப்படியே புதைத்துவிட்டு முளைக்கவில்லை என்பவர்கள் நிறைய. தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் தோலை மட்டும் லேசாகக் கீற வேண்டும். தழும்புப் பக்கம் வெட்டினால் முளைக்கரு போய்விடும். இரவு முழுக்க ஊறவைத்தால் உப்பியதும் உப்பாததும் காலையில் தனியாகத் தெரியும். உப்பாததை மறுபடி கீறி ஊறப்போடுங்கள். உப்பியதை அரை சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு தொட்டிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். பாத்தியில் மொத்தமாகத் தூவிப் பிறகு பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது; இதற்கு வேரைத் தொட்டாலே ஆகாது. நிலத்தில் வைக்கும்போதும் மண்கட்டி உடையக் கூடாது.

யூரியா வேண்டாம். அவரைக் குடும்பத்துச் செடி, வேர்முடிச்சில் தனக்கான தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

எறும்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொரு தவறு. ஹவாய்க்கு எறும்பே வந்தேறிதான். அது மாவுப்பூச்சியைக் காத்து வளர்க்கும், பூவுக்கு வரும் உள்ளூர் மஞ்சள்முகத் தேனீக்களையும் விரட்டும். அந்தத் தேனீக்களில் 7 இனங்களே 2016-இல் அழிநிலைப் பட்டியலில் ஏறிவிட்டன.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நல்லெண்ணத்தில் நடப்பது: எங்கோ வாங்கிய செடியைக் காட்டில் தானாக வளரும் ஓஹாய்ச் செடிகள் பக்கத்தில் நடுவது. தரையோடு படரும் வகையும் நிமிர்ந்து வளரும் வகையும் இடத்துக்கு இடம் மாறும். பூ நிறமும் அப்படியே. மகரந்தம் மாறி வகைகள் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. காட்டில் விதை பொறுக்குவதும் அனுமதியில்லாமல் கூடாது. உரிமம் பெற்ற நாற்றங்காலில் அரசு அடையாளச் சீட்டோடு விற்பதை வாங்கித் தோட்டத்தில் வையுங்கள்.

ஹவாயின் ஓவாஹு தீவிலுள்ள கயேனா முனையில் 2011-இல் எலி, பூனை, கீரி நுழையாத வேலி முடிந்தது. கடற்பறவைகளுக்காகப் போட்டதுதான், அங்கே ஓஹாயும் இருக்கிறது. வீட்டில் அந்த வசதி கிடையாது, விதையை எலி தின்றுவிடும். காய் பழுப்பானதும் பறித்துவிடுங்கள். செடிக்கு ஆயுள் சில வருடம்தான் என்பதால் வருடாவருடம் விதை எடுத்து, காயவைத்து, தாய்ச்செடி எந்த ஊர் வகை என்று உறைமேல் எழுதி வைக்க வேண்டும்.