முகத்தில் மங்கு, பருத்தழும்பு இருக்கிறதா? க்ரீம் வாங்குவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

நான் மருந்தாளுநர். கருந்திட்டுக்கு மருந்து கேட்டு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் க்ரீமின் பெயரைச் சொல்லியேதான் கேட்பார்கள். அக்கா போட்டாங்க, ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவங்க போட்டாங்க, வீடியோவில் ஒருத்தர் காட்டினார், ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டதாம், அதையே கொடுங்கள் என்பார்கள். அந்த ஒரே வாரம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டை ஒழுங்காகக் குறைக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை நன்றாகப் பலன் காட்ட எட்டு வாரமாவது பிடிக்கும். வாரக் கணக்கில் முகமே வெளுக்கிறது என்றால் அந்த க்ரீமுக்குள் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்போவது திட்டைக் குறைப்பது பற்றி மட்டும்தான். பிறந்த நிறத்தை மாற்ற எந்த க்ரீமாலும் முடியாது, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரத்தை 2009-லேயே தொடங்கியது. ஆனாலும் இன்றைக்கும் கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசுகிற வீடுகள் இருக்கின்றன, அந்தப் பேச்சைக் கேட்டு நல்ல தோலைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

படி 1: எந்த வகைத் திட்டு என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக, மேக்கப் எதுவும் இல்லாமல் கண்ணாடியில் பாருங்கள். பாத்ரூம் பல்ப் வெளிச்சம் ஏமாற்றும்.

பரு இருந்த அதே இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி நின்றுவிட்டதா? அது பரு ஆறிய பின் தங்கிய கருமை. கிள்ளாமல் விட்டால் பல மாதங்களில் தானாகவே மங்கும், மருந்து அதைக் கொஞ்சம் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான். பரு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் முதலில் பருவுக்கு வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் திட்டு மறைய மறைய மறுபக்கம் புதிது வரும்.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, அல்லது நெற்றியிலும் மேல் உதட்டுக்கு மேலேயும் படர்ந்தாற்போல இருந்தால் பெரும்பாலும் மங்கு. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு எல்லாம் சேர்ந்து வருவது இது. கட்டுப்படும், ஆனால் வெயிலில் விட்டால் திரும்ப வரும். மங்கை 'நிரந்தரமாகக் குணப்படுத்துகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருத்து, தொட்டால் வெல்வெட் துணி போலத் தடிப்பாக இருக்கிறதா? இதை அழுக்கு என்று நினைத்து அம்மாக்கள் பிள்ளைகளின் கழுத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறார்கள். பாவம், அது அழுக்கே இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். க்ரீமுக்குச் செலவு செய்கிற பணத்தில் முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கருமையும் மெல்லக் குறையும்.

முதுகிலும் தோள்பட்டையிலும் வலை போலக் கருமை படர்ந்திருந்தால் குளிக்கும்போது எதை வைத்துத் தேய்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். பீர்க்கங்காய் நார், நைலான் நார், சொரசொரப்பான துண்டு எல்லாமே வருடக் கணக்கில் தேய்த்தால் தோலைக் கருக்க வைக்கும். நிறுத்துவதுதான் வைத்தியம். அதே போல தலைக்கு டை அடிக்க ஆரம்பித்த பிறகு நெற்றி ஓரத்தில் அரிப்பும் சாம்பல் கருமையும் வந்தாலோ, குங்குமம் வைக்கிற இடம் மட்டும் கருத்தாலோ அந்தப் பொருளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மச்சம் போன்ற ஒன்று பெரிதாகிக்கொண்டே போகிறது, ஓரம் கோணலாக இருக்கிறது, ரத்தம் கசிகிறது, அல்லது உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாக ஒரு கருப்பு வந்திருக்கிறது என்றால் இந்தப் பதிவை இதோடு மூடிவிட்டு தோல் டாக்டரைப் பாருங்கள். அது க்ரீம் விஷயம் இல்லை.

படி 2: வீட்டில் இருக்கும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

இப்போது போட்டுக்கொண்டிருக்கிற க்ரீமைக் கையில் எடுங்கள். முன்பக்கம் இருக்கிற படம், 'பிரைட்' என்கிற வார்த்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற 'காம்போசிஷன்' வரிக்கு வாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹைட்ரோகார்டிசோன், இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நம் கடைகளில் அதிகம் புழங்குவது ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% மூன்றையும் கலந்த க்ரீம்.

இந்த மூன்று மருந்துக் கூட்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் க்ளிக்மேனும் வில்லிஸும் எழுதிய கலவையிலிருந்து வந்த வழி இது, மங்குக்கு இன்றும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் சில வாரங்களுக்கு, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் நிறுத்துகிற கணக்கில் எழுதுகிறார்கள். சீட்டு இல்லாமல் வாங்கி வருடக் கணக்கில் பவுடர் போலப் பூசும்போதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கி, நிறமி உண்டாவதையும் அடக்கிவிடும், அதனால் ஆரம்பத்தில் முகம் வெளுத்து மினுமினுக்கும். அப்புறம் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், பொடிப் பொடியாகப் பருக்கள் கிளம்பும், கன்னத்தில் முடி வளரும், வெயிலில் நிற்க முடியாமல் எரியும். க்ரீமை விட்டால் முகம் சிவந்து பற்றி எரிகிறது, போட்டால் அடங்குகிறது, அதனால் விடவே முடிவதில்லை. இந்த மாதிரிப் பாதிப்பு ஏராளமாக வந்ததால்தான் 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் 14-ஐ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டு கேட்டால் சில பேர் எங்களிடம் கோபப்படுகிறார்கள், அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது.

மாதக் கணக்கில் போட்டுவிட்டீர்களா? இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று விட்டால் முகம் மோசமாகக் கிளம்பும். ட்யூபையே கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரிடம் போங்கள், எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

பாதரசம் வேறு கதை. அது லேபிளில் இருக்காது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்கும் க்ரீம் போட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்துச் சிறுநீரில் புரதம் கசிந்தது, தேடிப் போனால் அந்த க்ரீம்களில் பாதரசம். அழகுப் பொருளில் தற்செயலாகக் கலந்திருந்தால்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. வீட்டில் கண்டுபிடிக்க வழி கிடையாது, அதனால் வாங்கும்போதே தவிர்க்க வேண்டும். என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இல்லை, இதில் எது இல்லாவிட்டாலும் தொடாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வெறும் டப்பாவில் அடைத்து விற்பதும் இதே கணக்குத்தான். ஏற்கெனவே போட்டுவந்து கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ க்ரீமை உடனே நிறுத்திவிட்டு சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

படி 3: முதலில் வெயிலை நிறுத்துங்கள்

இதைச் செய்யாமல் என்ன போட்டாலும் காசு தண்டம். தினமும் காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், பி.ஏ. பக்கத்தில் மூன்று ப்ளஸாவது இருக்கட்டும். 50 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது என்று அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, தோலைச் சுடுகிற புற ஊதா-பி கதிரில் 30 சுமார் 97 சதவீதத்தையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். போடும் அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியிலிருந்து அடி வரை நீளமாகப் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு தொட்டுத் தடவினால் லேபிளில் போட்டிருக்கிற பாதுகாப்பில் கால்வாசிகூடக் கிடைக்காது. வெளியில் இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பப் போடுங்கள்.

மங்கு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். நம் மாதிரி மாநிறம், கருப்புத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் திட்டைக் கருக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது, அயர்ன் ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். நம் நிறத்துக்கு ஒத்துப்போகிறதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், தேடுங்கள். குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள், வண்டியில் போகும்போது துப்பட்டாவையோ தொப்பியையோ விடாதீர்கள்.

படி 4: ஒரே ஒரு மருந்தோடு ஆரம்பியுங்கள்

யாரையும் கேட்காமல் ஆரம்பிக்கலாம் என்று நான் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று அசெலாயிக் ஆசிட் 10%, பருவும் தழும்பும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு. கர்ப்ப காலத்தில் போடக்கூடியவற்றில் இதுவும் ஒன்று, இருந்தாலும் உங்கள் மகப்பேறு டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்னொன்று நியாசினமைடு 4 அல்லது 5%, ரொம்ப மென்மையானது, பலனும் மெதுவாகத்தான் வரும். வைட்டமின் சி சீரமும் நல்லதுதான், ஆனால் பாட்டிலைத் திறந்த பின் காற்றும் சூடும் பட்டுப் பழுப்பாகிவிடும், விலையும் ஜாஸ்தி.

முதலில் காது மடலுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கமோ ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் இரவும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எதுவும் இல்லாவிட்டால் முகத்துக்குப் போகலாம். இரவு முகத்தைக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு பட்டாணி அளவு மருந்து, அதன் மேல் சாதாரண மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். அசெலாயிக் ஆரம்பத்தில் கொஞ்சம் சுருக்கென்று குத்தும், சில நிமிடத்தில் அடங்கினால் பயமில்லை, விடாமல் எரிந்தால் நிறுத்துங்கள்.

மூன்று சீரம், ஒரு டோனர், ஒரு ஸ்க்ரப் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். நம் தோலில் எரிச்சல் வந்த இடமே அடுத்த கருந்திட்டாக மாறும், மருந்தாலேயே புது திட்டு வரும். எலுமிச்சம்பழச் சாறும் வேண்டாம். தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, பழைய திட்டைவிடக் கருப்பான திட்டு விழும். பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் இரண்டும் அப்படித்தான்.

அடாபலின், ட்ரெட்டினாயின் போன்றவையும் ஹைட்ரோகுவினோனும் நன்றாக வேலை செய்யும், ஆனால் டாக்டர் எழுதித்தான் போட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுகிறவர்கள் தொடவே கூடாது. ஹைட்ரோகுவினோனை இடைவெளி இல்லாமல் வருடக் கணக்கில் போட்டவர்களுக்கு நீலம் கலந்த கருப்பாக ஒரு கருமை நிலைத்துவிடுவதுண்டு, அதைப் போக்குவது மிகவும் கஷ்டம்.

படி 5: காத்திருங்கள், படம் எடுங்கள்

தொடங்கும் நாளில் ஒரு படம், பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று. அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் வேண்டாம். தினமும் கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது, மனசுதான் சோர்ந்துபோகும். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் அடுத்த படி.

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். புதிதாக எதையும் முகத்தில் போடாதீர்கள், திட்டை மறைக்க நல்ல கன்சீலர் போதும்.

படி 6: டாக்டரிடம் போகும்போது

எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். பியூட்டி பார்லரில் செய்கிற பீலிங்கும், 'ஸ்கின் க்ளினிக்' என்ற போர்டு மட்டும் உள்ள இடத்து லேசரும் வேண்டாம், தப்பான லேசரால் நம் தோல் முன்னைவிடக் கருத்துப்போகும். மங்குக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை எழுதினால், உங்களுக்கோ குடும்பத்திலோ ரத்தம் உறைந்து கால் நரம்பு அடைத்த கதை இருந்தாலோ, நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ கட்டாயம் சொல்லிவிடுங்கள். அது ரத்தக் கசிவை நிறுத்துகிற மருந்து, அதனால் இந்தக் கேள்வி முக்கியம்.

குளுட்டாதயோன் ஊசி போட்டால் நிறம் வரும் என்று எந்த இடத்தில் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தோலை வெளுக்க அந்த ஊசிக்கு இங்கே அனுமதி இல்லை. அந்த ஊசி அதிகம் புழங்குகிற பிலிப்பைன்ஸில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2011-ல் எச்சரிக்கை விட்டது.

மங்கு குறைந்த பிறகு டாக்டர் வலுவான மருந்தை நிறுத்திவிட்டு அசெலாயிக் போன்ற மென்மையான ஒன்றை மட்டும் தொடரச் சொல்வார். அப்போதும் சன்ஸ்கிரீனை விடாதீர்கள், முக்கியமாகப் பங்குனி வெயில் ஏற ஆரம்பிக்கும்போது. முந்தைய வருடம் எந்தக் கன்னத்தில் முதலில் திரும்ப வந்தது என்று ஞாபகம் வைத்திருந்து அங்கே லேசாகக் கருக்கும்போதே காட்டிவிட்டால் சின்ன மருந்திலேயே அடங்கிவிடும்.