வேலை செஞ்சே பீஸ் கட்டிடலாம்னு கெளம்பி வர்றவங்களுக்கு

சிங்கப்பூருக்குப் படிக்க வர்ற தம்பி தங்கச்சிங்க மொதல்ல கேக்கறது பார்ட் டைம் வேலை கெடைக்குமாங்கறதுதான். எந்த காலேஜ்னு நான் திருப்பிக் கேப்பேன். ஏன்னா என்யூஎஸ், என்டியூ யூனிவர்சிட்டிங்க, பாலிடெக்னிக் மாதிரி அரசாங்க லிஸ்ட்ல இருக்கற எடத்துல முழுநேரமா படிச்சாத்தான் ஸ்டூடண்ட் பாஸ்ல (படிக்க வர்றவங்களுக்குக் குடுக்கற அனுமதி) வேலை பாக்கலாம், அதுவும் கிளாஸ் நடக்கறப்ப வாரத்துக்கு 16 மணி நேரம்தான், லீவுல அந்தக் கணக்கு இல்ல. பிரைவேட் ஸ்கூல்ல சேந்தா பெரும்பாலும் அதுக்கும் வழியில்ல. ஊர்ல ஏஜெண்டு "போனதும் பாத்துக்கலாம் தம்பி"ன்னு சொல்லியிருப்பாரு, மாட்டினா பாஸ் போறது உங்களுக்கு, அவருக்கு ஒண்ணும் ஆகாது.

பீஸ்ல பெரிய பங்கு கொறையணும்னா சிங்கப்பூர் கல்வி அமைச்சோட டியூஷன் கிராண்ட்தான், அதாவது பீஸ்ல ஒரு பங்கை அரசாங்கமே கட்டறது. ஆனா அது இனாம் இல்ல. படிச்சு முடிச்சு 3 வருஷம் சிங்கப்பூர் கம்பெனியில வேலை செய்யறேன்னு பாண்ட், டாக்டருக்குப் படிச்சா இன்னும் அதிகம். வேலையையும் நாமதான் தேடிக்கணும், முறிச்சா கிராண்ட் காசை வட்டியோட எண்ணி வைக்கணும். ஷூரிட்டி போடப் போறது வீட்டு ஆளுங்கதானே, கையெழுத்துக்கு முன்னாடி அப்பா அம்மாகிட்ட இதை ஒளிக்காம சொல்லிடுங்க.

கிராண்ட் கெடைச்சவங்க டியூஷன் பீ லோன் கேக்கலாம், படிக்கற வரைக்கும் வட்டி இல்ல. யூனிவர்சிட்டிக்கு 90 சதவீதம் வரைக்கும்னு கேட்டதும் நானும் துள்ளிக் குதிச்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது அது சிங்கப்பூர் குடிமக்கள் கட்டற பீஸ்ல 90, நம்ம பீஸ் அதைவிட ஜாஸ்தி, அந்த இடைவெளி மொத்தமும் கைக்காசு. இந்தக் கணக்கை ஊர்லயே போட்டுட்டு ஃபிளைட் ஏறுங்க. இங்க இருக்கற இந்தியர்களுக்கான அமைப்பு சிண்டாவோட உதவித்தொகை? அது குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்)தான்.

செலவுல ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலரை இங்க இப்படித்தான் சொல்வோம்) ரூபாயா மாத்திப் பாத்துட்டே இருந்தா லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல ஒரு தோசை கூட எறங்காது. மாசத்துக்கு இவ்ளோன்னு வெள்ளியிலயே ஒதுக்கிக்கோங்க.

காசு முட்டற நேரம் பாத்து எவனாவது "உன் பேங்க் அக்கவுண்ட்டை ரெண்டு வாரம் குடு, சும்மா 300 வெள்ளி தர்றேன்"னு வருவான், அரசாங்க சேவைக்கெல்லாம் ஆன்லைன்ல நொழையற சிங்பாஸையும் கேப்பான். அது மோசடிப் பணம் ஓடறதுக்கு. குடுத்தா போலீஸ் தேடி வர்றது உங்களத்தான். சந்தேகமா இருந்தா மோசடி பத்திக் கேக்கற உதவி நம்பர் 1799க்கு அடிச்சுக் கேளுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.