எண்ணெய் படிந்த கரையை மீட்க: திட்டமும் பணமும், புதியவர்களுக்கு

2024 ஜூன் 14 அன்று சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றுகொண்டிருந்த எரிபொருள் கப்பலை மோதியது. கடலில் கலந்த சுமார் 400 டன் எண்ணெய் செந்தோசா, லேப்ரடோர், ஈஸ்ட் கோஸ்ட் வரை போய் ஒதுங்கியது. மணலை அள்ளிச் சுத்தம் செய்தவர்களை எல்லாரும் பார்த்தோம். அப்புறம் வரும் மீட்பு வேலைதான் நீளமானது. அதில் சேர நினைக்கும் தொண்டூழியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கசிவுக்கு முன் கரை எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் சேருங்கள். தேதியுள்ள பழைய படங்கள், உயிரினக் கணக்கெடுப்புக் குறிப்புகள் எதுவானாலும் சரி. எண்ணெய் படாத, அதே மாதிரியான இன்னொரு கரையையும் ஒப்பிடுவதற்குத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவதாக, கரையை மணல், பாறை, அலையாத்திக் காடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஏற்ற வைத்தியம் மற்றொன்றைக் கொன்றுவிடும். பாறையில் வெந்நீரைப் பீய்ச்சினால் தப்பிப் பிழைத்த சிப்பிகளும் செத்துப்போகும். அலையாத்திச் சேற்றில் கூட்டமாக இறங்கினால், நம் கால்களே எண்ணெயை வேர் வரை அழுத்திவிடும். உடனே கன்று நடவும் ஓடாதீர்கள். சேற்றில் எண்ணெய் மிச்சம் இருக்கிறதா, தானாக நாற்று முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு நடலாம்.

இனி பணம். எண்ணெய்க் கப்பலில் இருந்து கசிந்தால், எண்ணெய்க் கசிவு இழப்பீடு பற்றி சிங்கப்பூர் ஏற்றுக்கொண்ட 1992 பன்னாட்டு ஒப்பந்தங்களின்படி கப்பல் உரிமையாளர்தான் முதலில் பொறுப்பு; அவர் தவறு செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சிறிய கப்பலுக்கு அந்தப் பொறுப்பின் வரம்பு 45.1 லட்சம் எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டுப் பண நிதியத்தின் கணக்கு அலகு. சேதம் அதைத் தாண்டினால் பன்னாட்டு இழப்பீட்டு நிதி கைகொடுக்கும். உரிமையாளரின் பங்கையும் சேர்த்து 20.3 கோடி எஸ்டிஆர் வரை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘ஒரு மரத்துக்கு இவ்வளவு மதிப்பு’ என்று கணக்குப் போட்டுக் கேட்டால் பணம் வராது. செய்த, அல்லது செய்யப்போகும் நியாயமான மீட்பு வேலையின் செலவுதான் கிடைக்கும். இயற்கை தானாகத் தேறுவதை அந்த வேலை கணிசமாக விரைவுபடுத்தும் என்றும் காட்ட வேண்டும். ஆகவே யார், எங்கே, எத்தனை மணி நேரம், என்ன கருவியோடு வேலை செய்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேதத்தை அளக்கும் நியாயமான ஆய்வுக்கும் செலவு கேட்கலாம்.

கெடுவை மறக்காதீர்கள். சேதம் ஏற்பட்டு 3 ஆண்டுக்குள் வழக்கு தொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். கோரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது போதாது. அந்தத் தேதியைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.